சக்கர நாற்காலியும் எங்கள் வீடும்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

தண்டுவடத்தில் அடிபட்டதிலிருந்து எனக்கு இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. முதல் சில வருடங்கள் எங்கும் கிடைக்கும் மடக்கு வீல்சேரில் இருந்தேன். அதற்கப்புறம் இன்றுவரை, உடலுக்கு அளவெடுத்துச் செய்த, மடங்காத சட்டம் கொண்ட ஆக்டிவ் வகை நாற்காலி, அதாவது உட்கார்ந்திருப்பவரே தள்ளிக்கொண்டு போக ஏற்றது. நாற்காலி மாறியபோது வீட்டில் யார் எந்த வேலையைச் செய்வது என்பதும் சேர்ந்து மாறியது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

மடக்கு நாற்காலி மேல் எனக்கு மரியாதை உண்டு. 1930களில், நடக்க முடியாமல் போன ஹெர்பர்ட் எவரெஸ்டுக்காக அவருடைய நண்பர் ஹாரி ஜென்னிங்ஸ் செய்து கொடுத்த வடிவம் அது. காரில் ஏற்ற இன்றும் வசதிதான். ஆனால் அளவு பொருந்தாத நாற்காலியில் நாள் முழுக்க இருப்பது வேறு கதை. என்னுடையது அகலம் அதிகம். தோளைத் தூக்கினால்தான் சக்கரத்தைப் பிடிக்க முடியும். பின் அச்சு மிகவும் பின்னால் இருந்ததால் எடை முன்சக்கரங்கள் மேல் விழும். சின்ன நிலைப்படியிலும் சிக்கிக்கொள்ளும். அதனால் தள்ளும் வேலை முழுக்க என் கணவருடையதாகிவிட்டது. அவர் பின்னால், நான் முன்னால். ஒரு வாக்கியத்தைக்கூட முகம் பார்த்துப் பேச முடியாது.

புது நாற்காலியில் பின் அச்சை முன்னே நகர்த்தி வைத்தார்கள். தள்ளுவது லேசானது. முன்சக்கரத்தைக் கொஞ்சம் தூக்கிப் படியைத் தாண்டப் பழகினேன். இந்த அமைப்பில் பின்னால் சாயும் ஆபத்து அதிகம். பழகும்வரை சாய்வுத் தடுப்பான் (நாற்காலி பின்னால் கவிழாமல் தாங்க, பின்பக்கம் பொருத்தும் சிறு துணைச் சக்கரம்) கட்டாயம் வேண்டும். கைப்பிடிகளை மடித்து வைக்கும் வகையில் வாங்கினோம். அவை மடிந்திருந்தால் யாரும் தள்ளக் கூடாது, அவ்வளவுதான் விதி. இப்போது என் கணவர் பக்கத்தில் நடந்து வருகிறார். மகன் "அம்மா, தள்ளட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் கை வைப்பான். எனக்கு இதுதான் இந்த நாற்காலி தந்த பெரிய பலன்.

சமையலறையில் மேடையின் ஒரு பகுதியைத் தாழ்த்தி, அடியில் முழங்கால் நுழைய இடம் விட்டோம். சமையல் பாதி என் கைக்கு வந்தது. இங்கே ஒரு எச்சரிக்கை: உணர்ச்சி இல்லாத தொடை மேல் சூடான பாத்திரத்தை வைத்துக்கொண்டு நகரவே கூடாது. தோல் வெந்தாலும் நமக்குத் தெரியாது. சூடானதை இறக்கி எடுத்துப் போவது மற்றவர் வேலை என்று வீட்டில் பிரித்துக்கொண்டோம்.

நாற்காலியைவிடக் குஷன்தான் முக்கியம் என்று சொல்வேன். என்னுடைய ஃபோம் குஷன் நாளாக நாளாக அமுங்கிப்போனது. காற்றறைக் குஷனுக்கு மாறினேன். அதில் காற்று சரியாக இருக்கிறதா என்று அடிக்கடி கையை விட்டுப் பார்க்க வேண்டும். எந்தக் குஷனாக இருந்தாலும் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை முன்னாலோ பக்கவாட்டிலோ சாய்ந்து அழுத்தத்தைக் குறைத்தே ஆக வேண்டும். தினமும் தோலைப் பார்ப்பதும் தவறக் கூடாது. விரலால் அழுத்தியும் மறையாத சிவப்பு தெரிந்தால், அது படுக்கைப்புண்ணின் தொடக்கமாக இருக்கலாம். இந்தச் சோதனையை முன்பு கணவர் செய்வார். இப்போது நீளமான கைப்பிடி வைத்த கண்ணாடியில் நானே பார்க்கிறேன், சந்தேகம் வந்தால் மட்டும் அவரைக் கூப்பிடுவேன். அவர் செய்யத் தயங்கியதே இல்லை. ஆனாலும் இரவில் எங்களுக்குக் கிடைக்கும் நேரம் கணவன் மனைவிக்கான நேரமாக இருக்கட்டும் என்று எனக்குத் தோன்றியது. அவருக்கும் அது பிடித்திருந்தது.

பராமரிப்பு பெரிதாக இல்லை. முன்சக்கர அச்சில் முடியும் நூலும் சுற்றும், எடுத்துவிட வேண்டும். பிரேக் டயர் மேல்தான் அழுந்துகிறது; காற்று குறைந்தால் பிடிக்காது, கட்டிலுக்கு மாறும்போது நாற்காலி நகர்ந்துவிடும். காற்றடிப்பது மகனின் பொறுப்பு. சாய்தளத்துக்கு 1:12 கணக்கு, அதாவது 6 அங்குல உயரத்துக்கு 6 அடி நீளம். கதவுத் திறப்பு 32 அங்குலம் இருந்தால் நல்லது. குளியலறைக் கதவை முதலில் அளந்து பாருங்கள், பல வீடுகளில் அதுதான் குறுகலானது.

குறை என்றால், இது மடங்காது. காரில் வைக்கச் சக்கரங்களைக் கழற்ற வேண்டும். அப்புறம் தோள்வலி. வருடக்கணக்கில் கையால் தள்ளுபவர்கள் பலருக்கும் வருவது இது. வேகவேகமாகத் தட்டாமல், நீளமாக, நிதானமாகத் தள்ளச் சொன்னார் பிசியோதெரபிஸ்ட், ஓரளவு குறைந்தது. ஏற்றத்தில் இப்போது கைப்பிடியை நானே நிமிர்த்திக் கொடுக்கிறேன். முன்னால் பொருத்தும் மோட்டார் இணைப்பு ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். கனமான பொருள், காரில் தூக்கி வைக்கப்போவது என் கணவர். அதனால் அவரும் தூக்கிப் பார்த்த பிறகுதான் முடிவெடுப்போம்.