1954க்கு அழைக்கலாம், இடமாற்றக் கடிதம் வந்தால்?

இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் முறைப்பாட்டுச் சேவையை வன்னியில் வேலை பார்க்கும் அரச ஊழியரின் கதிரையிலிருந்து பார்த்தால், வாசல் நன்றாகத்தான் இருக்கிறது. 1954 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்கலாம், கொழும்பு 7இலுள்ள அலுவலகத்துக்குத் தமிழிலேயே கடிதம் போடலாம், பெயரை வெளியிட வேண்டாம் என்றும் கேட்கலாம். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் 2023 செப்டெம்பர் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. தகவல் தருபவரைப் பழிவாங்கக்கூடாது என்று அது வெளிப்படையாகவே சொல்கிறது. பொய் என்று தெரிந்துகொண்டே முறையிடுவதும் அதே சட்டத்தில் குற்றம்.

சிக்கல் கந்தோரின் அளவில் இருக்கிறது. துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ வவுச்சர் எழுதும் மேசை ஒன்றுதான். போயா தினத்தில் வாகனத்துக்கு 40 லீற்றர் டீசல் அடித்ததாக ஓட்டப் பதிவில் இருக்கிறது, அன்று வாகனம் கராஜில் நின்றது என்று வையுங்கள். இரண்டையும் அறிந்தவர் ஒரே ஒரு லிகிதர் என்றால், பெயரில்லாத கடிதத்திலும் அவர் பெயர் இருக்கிறது. மூலக் கோவையை வீட்டுக்குக் கொண்டுபோனால் களவு என்று திருப்பிவிடுவார்கள். திகதியையும் வவுச்சர் இலக்கத்தையும் குறித்துக்கொண்டால் போதும்.

அதே தகவலை வெளியாள் கேட்பது இதைவிடப் பாதுகாப்பு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் சட்டத்தில் எந்தப் பிரஜையும் காரணம் சொல்லாமல் விண்ணப்பிக்கலாம். உறுப்பினரில் முக்கால் பங்கினர் பிரஜைகளாக இருந்தால் கிராம அபிவிருத்திச் சங்கமே விண்ணப்பிக்கலாம். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் சொல்லவேண்டும். ஒரு மாத ஓட்டப் பதிவு முழுவதையும் கேளுங்கள். அந்த ஒரு நாளை மட்டும் கேட்டால் பழைய கதைதான். அந்தச் சட்டம் அனுமதிக்கும் தகவலைக் கொடுத்த ஊழியரைத் தண்டிக்கக்கூடாது என்று 40ஆம் பிரிவு சொல்கிறது. பத்திரிகைக்குப் போவது வேறு. அரச ஊழியருக்கான தாபன விதிக்கோவையைக் காட்டிக் குற்றப்பத்திரம் எழுத மேலதிகாரிக்கு அதைவிட வசதியான வழி கிடையாது.

பழிவாங்கல் அந்தப் பெயரோடு வராது. 'சேவையின் தேவை கருதி' என்ற வரியோடு இடமாற்றம் வரும், சம்பள ஏற்றப் படிவம் கையொப்பமில்லாமல் கிடக்கும். கடிதம் கைக்கு வந்த திகதியை அதிலேயே எழுதி, உறையையும் வைத்திருங்கள். மேன்முறையீட்டைத் திணைக்களத் தலைவர் ஊடாக அனுப்பும்போதே இன்னொரு பிரதியை, மேன்முறையீட்டைத் தீர்மானிப்பவருக்கே பதிவுத் தபாலில் நேரே அனுப்பிவிட வேண்டும். ஊடாகப் போவது எங்கேயாவது தூங்கும். அடிப்படை உரிமை மனுவுக்கு உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதம்தான் அவகாசம். அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால் (வவுனியாவில் பிராந்திய அலுவலகம் உண்டு) விசாரணை நடக்கும் காலம் அந்த மாதத்தில் சேராது. முறைப்பாட்டு இலக்கத்தை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள்: விசாரணை நடக்கிறது என்பதை எழுத்தில் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் மனு காலங்கடந்தது என்று தள்ளப்படலாம். அந்த ஆணைக்குழு பரிந்துரைதான் செய்யும், கட்டளையிடாது.

நிரந்தர நியமனக்காரருக்கு இவ்வளவாவது இருக்கிறது. அரச நிதியில் ஓடும் திட்டங்களில் ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு இந்த முறைப்பாட்டுச் சேவை மிகப் பலவீனம். அவரை யாரும் இடமாற்றத் தேவையில்லை. டிசெம்பரில் புதுப்பிக்காமல் விட்டால் போதும், காரணமும் எழுதத் தேவையில்லை. ஆகவே முந்தைய ஆண்டுகளின் மதிப்பீட்டுப் படிவம், நீடிப்புக் கடிதம், பாராட்டு ஒன்றிரண்டு இருந்தால் அவற்றின் பிரதிகளை முறைப்பாடு போடுவதற்கு முன்னரே எடுத்து வைக்கவேண்டும். பிறகு அந்தக் கோவையைப் பார்க்க விடமாட்டார்கள்.