பேக்கப் டிஸ்கை ஸ்கேனிலிருந்து விலக்குவதா? நான்கு வழிகள், ஒரு அலசல்

எங்கள் டிடிபி கடையில் தினமும் இரவு அன்றைய வேலைகளை 2 டெராபைட் எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்கில் பேக்கப் எடுப்போம். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், கும்பாபிஷேக மலர் என்று சின்னச் சின்ன ஃபைல்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். காப்பி ஆகும்போது ஆன்டிவைரஸ் ஒவ்வொன்றையும் சோதிக்கும். ஒரே பெரிய ஃபைல் என்றால் அந்தத் தாமதம் உறைக்காது. ஆயிரம் சின்ன ஃபைல் என்றால் கடை சாத்தும் நேரத்திலும் பேக்கப் ஓடிக்கொண்டிருக்கும். டிஸ்கை ஸ்கேனிலிருந்து விலக்கிவிடலாமே என்று அப்போதுதான் தோன்றும். விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரை வைத்தே இதைப் பேசுகிறேன்.

முதல் வழி, டிரைவ் முழுவதையும் விலக்குவது. டிஃபெண்டரின் எக்ஸ்க்ளூஷன்ஸ் (விலக்குப் பட்டியல்) பக்கத்தில் பேக்கப் டிஸ்கின் எழுத்தான இ (E) டிரைவைச் சேர்த்தால் போதும், அரை நிமிட வேலை. நானும் அப்படித்தான் செய்திருந்தேன். ஒரு நாள் பேக்கப் டிஸ்க் செருகியிருக்கவில்லை. வாடிக்கையாளர் ஒருவர் பென் டிரைவைக் கொடுத்து, “இதுல இருக்குற போட்டோவைப் போடுங்க” என்றார். திறந்தால் எல்லா ஃபோல்டர்களிலும் ஷார்ட்கட் அம்புக்குறி. பழக்கதோஷத்தில் ஒன்றைக் கிளிக் செய்துவிட்டேன். பென் டிரைவில் அதைத் திறந்தபோதே வந்திருக்க வேண்டிய எச்சரிக்கை, அந்த வைரஸ் சி டிரைவுக்குள் தன்னைக் காப்பி செய்தபோதுதான் வந்தது.

காரணம் எளிது. டிஃபெண்டர் விலக்கி வைப்பது குறிப்பிட்ட ஒரு டிஸ்கை அல்ல, ஒரு பாதையை. அன்று இ என்ற எழுத்து காலியாக இருந்தது, பென் டிரைவுக்கு அது கிடைத்தது, என் விலக்கும் சேர்ந்தே கிடைத்தது. ஊரார் பென் டிரைவெல்லாம் வந்துபோகும் கம்ப்யூட்டரில் இந்த வழியே வேண்டாம்.

இரண்டாவது, பேக்கப் ஃபோல்டரை மட்டும் விலக்குவது. அதற்கு முன் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் பேக்கப் டிஸ்குக்கு எக்ஸ் (X) மாதிரி கடைசி எழுத்து ஒன்றைக் கொடுத்துவிடுங்கள். புதிதாகச் செருகும் பென் டிரைவுக்கு விண்டோஸ் வழக்கமாக முன்னால் காலியாக உள்ள எழுத்தைத்தான் கொடுக்கும், எக்ஸ் வரை வராது. அப்படியே வந்தாலும், அதே பெயரில் ஃபோல்டர் இருந்தால்தான் விலக்கு செல்லும்.

இங்கே பேக்கப் எந்த வகை என்பதையும் பார்க்க வேண்டும். முழு கம்ப்யூட்டரையும் ஒரே இமேஜ் ஃபைலாக (படம் அல்ல, மொத்தத்தின் நகல்) எடுப்பவர்களுக்கு விலக்கு நியாயம்தான். உள்ளே ஏதோ ஒரு பழைய மெயில் இணைப்பில் வைரஸ் இருக்கிறது என்று ஆன்டிவைரஸ் மொத்த இமேஜ் மீதே கை வைத்தால், பேக்கப்பே பயன்படாமல் போகலாம். ஃபைல்களை அப்படியே காப்பி செய்பவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. மாறாக, விலக்கிய ஃபோல்டருக்குள் கெட்ட ஃபைல் ஒன்று போய்விட்டால் மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும். சி டிரைவுக்குத் திரும்பக் கொண்டுவரும்போது பிடிபட வாய்ப்புண்டு. டிஸ்கிலிருந்தே நேராகத் திறந்தால் அந்தக் காவலும் இல்லை.

மூன்றாவது, பேக்கப் எடுக்கும் புரோகிராமை அதே விலக்குப் பட்டியலில் ப்ராசஸாக (ஓடும் புரோகிராமாக) சேர்ப்பது. அந்தப் புரோகிராம் திறக்கும் ஃபைல்களை டிஃபெண்டர் உடனுக்குடன் சோதிக்காது, ஆனால் பிறகு நடக்கும் ஸ்கேனில் அவை சோதிக்கப்படும். காப்பி வேகம்தான் பிரச்சினை என்றால் இது பொருத்தமான மருந்து. ஒரே நிபந்தனை, புரோகிராமின் முழுப் பாதையையும் கொடுங்கள். வெறும் பெயரைக் கொடுத்தால் அதே பெயரில் எங்கிருந்து எது ஓடினாலும் அதற்கும் சலுகை போய்ச் சேரும்.

நான்காவது, எதையும் விலக்காமல் விடுவது. பலர் நினைப்பதுபோல டிஃபெண்டர் தினமும் வெளி டிஸ்க் முழுவதையும் துழாவுவதில்லை. தானாக ஓடுவது பெரும்பாலும் குவிக் ஸ்கேன், அதாவது வைரஸ் வழக்கமாக ஒளியும் இடங்களை மட்டும் பார்க்கும் சோதனை. ஃபுல் ஸ்கேனில்கூடப் பென் டிரைவ் போன்றவற்றைச் சேர்க்காமல் விடுவதுதான் அதன் இயல்பு அமைப்பு. ஆனால் எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க் பலவற்றை விண்டோஸ் சாதாரண லோக்கல் டிஸ்க்காகவே பார்க்கும், ஆகவே ஃபுல் ஸ்கேன் போடும் நாளில் டிஸ்கைக் கழற்றிவிடுவது நல்லது. பேக்கப் முடிந்ததும் கழற்றும் பழக்கம் இன்னொரு வகையிலும் காப்பாற்றும். 2017 மே மாதம் பரவிய, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை வைரஸ், கம்ப்யூட்டரில் செருகியிருந்த டிஸ்குகளையும் சேர்த்தே பூட்டியது.

இப்போது எங்கள் கடையில் வாராந்திர இமேஜ் ஃபோல்டருக்கு மட்டும் விலக்கு. தினசரிக் காப்பிக்கு எந்த விலக்கும் இல்லை. நேரம் கொஞ்சம் கூடத்தான் ஆகிறது, சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் முடிந்துவிடுகிறது.

நீங்கள் எந்த வழியை எடுத்தாலும் ஐகார் சோதனை ஃபைலைப் போட்டுப் பாருங்கள். 68 எழுத்துள்ள வெறும் வரிதான், எந்தக் கெடுதலும் செய்யாது, ஆன்டிவைரஸ்கள் அதை வைரஸ் என்றே காட்டும்படி ஏற்பாடு. விலக்கிய ஃபோல்டரில் சேமித்தால் சத்தம் வரக்கூடாது. ஒரு ஃபோல்டர் தள்ளிச் சேமித்தால் உடனே எச்சரிக்கை வர வேண்டும். அப்புறம் பேக்கப் டிஸ்கைக் கழற்றிவிட்டு ஒரு பென் டிரைவைச் செருகி, அதிலும் அதே சோதனையைச் செய்யுங்கள். அங்கே எச்சரிக்கை வரவில்லை என்றால், எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலில் பழைய டிரைவ் எழுத்து ஏதோ இன்னும் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள்.