11 வருடமாக என் கையில் ஓடும் பழைய ரெக்கார்டு இழைப்புளி

சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டு கராஜில் இருக்கும் இந்த ரெக்கார்டு கம்பெனியின் 04 இழைப்புளியை டர்பனில் பழைய சாமான் விற்கிற ஒருவரிடம் 280 ராண்டுக்கு வாங்கினேன். இன்றைக்கும் கியாட் மரப் பலகையில் தள்ளினால் வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசாகச் சீவல் சுருண்டு வருகிறது. போன தைப்பூசத்துக்குக் காவடிப் பலகைகளை இழைத்ததும் இதில்தான்.

பழைய இழைப்புளியின் எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் இருந்தால் அது ரெக்கார்டு, இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 1931 முதல் செய்தது. அமெரிக்கக் கம்பெனியான ஸ்டான்லி என்றால் வெறும் 4 என்றிருக்கும். ஸ்டான்லியின் பிளேடைக் கழற்றிப் பாருங்கள்: பிளேடு சாய்ந்திருக்கும் ஃபிராக்குக்குப் பின்னால், அடித்தட்டில் மூன்று பேட்டன்ட் தேதிகள் இருந்து, கடைசித் தேதி 1910 ஏப்ரல் 19 என்றால், அது சுமார் 1910-லிருந்து 1918-க்குள் வார்த்தது. பிளேடை அழுத்திப் பிடிக்கும் மூடியான லிவர் கேப்பின் துளை அவரைக்கொட்டை வடிவத்தில் இருந்தால் அந்தக் கேப் 1933-க்குப் பிந்தியது. கேப்பை மட்டும் மாற்றிப் போட்டிருப்பார்கள் என்பதால் ஒரே அடையாளத்தை வைத்து வயது சொல்லிவிட முடியாது.

ஆனால் வயதுக்கும் பெயருக்கும் காசு கொடுக்காதீர்கள் என்பேன், அதற்குக் காரணம் என் இரண்டாவது இழைப்புளி. பளபளவென்று கறுப்பு பெயிண்ட் அடித்த ஒரு நம்பர் 5, 600 ராண்டு கொடுத்தேன். வீட்டில் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தபோது பெயிண்ட் கரைந்து, பிளேடு வெளியே வரும் வாய்க்குப் பக்கத்திலிருந்து பக்கச்சுவர் வரைக்கும் ஓடிய விரிசலும் அதன்மேல் பித்தளைப் பற்றும் தெரிந்தன. விற்றவர் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். அன்று ரொம்ப நொந்துபோனேன். அப்புறம் எங்கே வாங்கினாலும் எல்லாவற்றையும் கழற்றி, வெற்று அடித்தட்டை ஒரு விரலில் தொங்கவிட்டு மரக்கட்டையால் லேசாகத் தட்டுகிறேன். கணீர் என்றால் சரி, மந்தமாகக் கேட்டால் டார்ச் அடித்து வாயைச் சுற்றித் தேடுகிறேன்.

விலையை முடிவு செய்வது பிளேடுதான். பிளேடில் உள்ள நீளத் துளைக்கும் வெட்டு முனைக்கும் நடுவே ஓர் அங்குலத்துக்குக் குறைவாக இரும்பு மிச்சம் இருந்தால் தீட்டித் தீட்டித் தீர்ந்துபோன பிளேடு என்று அர்த்தம். துருவைப் பார்த்துப் பயப்படவேண்டாம், நம் கடற்காற்றில் துரு வராத இரும்பு ஏது? ஒரு ராத்திரி வினிகரில் போட்டு, சோடா உப்புக் கரைத்த தண்ணீரில் கழுவி, உடனே துடைத்து எண்ணெய் பூசினால் மேல்துரு போய்விடும். பிளேடின் தட்டையான முதுகில், முனையை ஒட்டி ஊசி குத்தினாற்போல் குழி இருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள். எவ்வளவு தீட்டினாலும் அந்தக் குழி வரும் இடத்தில் முனை பல் விழுந்தே நிற்கும், இழைத்த மரத்தில் கோடு போடும்.

போன மாதம் பக்கத்து வீட்டு மாமா 900 ராண்டு கேட்கிறார்கள் என்று ஒன்றைக் கொண்டுவந்தார், ரோஸ்வுட் கைப்பிடி, ரொம்ப அழகு. பிளேடின் முதுகைத் திருப்பிக் காட்டினேன், எட்டுக் குழி. "முந்நூறுக்கு மேல் வேண்டாம் மாமா" என்றேன்.