காருக்கு எந்த ரேடியோ? ஐந்து டூயல் பேண்ட் செட்டுகளும் ஒரு நேரடி ஒப்பீடும்

காரில் மாட்ட ஒரு டூயல் பேண்ட் ஹாம் செட், அதாவது இரண்டு அலைவரிசைப் பகுதிகளில் வேலை செய்யும் அமெச்சூர் ரேடியோ வேண்டும், எதை வாங்கலாம் என்று கேட்டுப் பாருங்கள், பத்துப் பேர் பத்து மாடல் சொல்வார்கள், பெரும்பாலும் அவரவர் காரில் இருப்பதைத்தான் சொல்வார்கள். அதில் தப்பில்லை, ஆனால் கேட்டவருக்கு அது உதவாது. ஏனென்றால் காகிதத்தில் பார்த்தால் இந்தச் செட்டுகள் பெரும்பாலும் ஒரே அச்சு. 2 மீட்டர் (வி.எச்.எஃப்), 70 சென்டிமீட்டர் (யு.எச்.எஃப்) என்று இரண்டு பேண்ட், 50 வாட், ஆயிரம் சொச்சம் மெமரி. வித்தியாசமெல்லாம் வண்டி ஓடும்போதுதான் தெரியும். அதனால் ஓட்டுநர் இருக்கையிலிருந்தே இவற்றைப் பார்ப்போம்.

எடுத்துக்கொண்டவை ஐந்து: ஐகாம் ஐசி-2730ஏ, யாஎசு எஃப்டிஎம்-300டிஆர், கென்வுட் டிஎம்-வி71ஏ, எனிடோன் ஏடி-டி578யுவி, கடைசியாக அந்தக் குட்டி கியூஒய்டி கேடி-8900. இடையில் வேறு சில பெயர்களும் வந்து போகும்.

முதலில் பார்க்க வேண்டியது ரிசீவர். இரண்டு பேண்ட் என்று பெட்டியில் போட்டிருந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்கலாம் என்று நிறையப் பேர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. சில செட்டில் உண்மையிலேயே இரண்டு ரிசீவர் இருக்கும், சிலவற்றில் ஒன்றே ஒன்று இருந்து அது இங்கும் அங்கும் தாவித் தாவிப் பார்க்கும், அதற்கு டூயல் வாட்ச் என்று பெயர். வீட்டில் மேசையில் வைத்துக் கேட்டால் பெரிய குறையாகத் தெரியாது. நான்கு கார்கள் சேர்ந்து போகும்போது பாருங்கள்: முன்னால் போகிறவர் 70 சென்டிமீட்டரில் சிம்ப்ளக்ஸில், அதாவது செட்டுக்குச் செட் நேராக, "அடுத்த திருப்பத்தில் இடது பக்கம்..." என்று ஆரம்பிக்கிறார், அந்த நேரம் பார்த்து உங்கள் செட் 2 மீட்டர் ரிப்பீட்டரில் (சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் நிலையம்) யாரோ சிக்னல் ரிப்போர்ட் கொடுப்பதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. திருப்பம் போயிற்று.

ஐசி-2730ஏ, எஃப்டிஎம்-300டிஆர், டிஎம்-வி71ஏ மூன்றிலும் இரண்டு ரிசீவர் உண்டு. ஒன்று வி.எச்.எஃப், ஒன்று யு.எச்.எஃப் என்று மட்டுமில்லாமல், இரண்டு பக்கத்தையும் 2 மீட்டரிலேயே வைத்து இரண்டு ரிப்பீட்டரைச் சேர்த்துக் கேட்கவும் முடியும். கேடி-8900 தாவுகிற ரகம். விலைப் பட்டியலில் எஃப்டிஎம்-300-க்குக் கீழே நிற்கிற எஃப்டிஎம்-200டிஆரும், அனலாக் மட்டுமே உள்ள எஃப்டிஎம்-6000ஆரும் ஒற்றை ரிசீவர்தான், 50 வாட் என்பதைப் பார்த்து மயங்கி வாங்கிவிட்டு அப்புறம் இதைக் கண்டுபிடிக்கிறவர்கள் உண்டு. ஒரே ஒரு ரிப்பீட்டரை வைத்துக்கொண்டு தினமும் வேலைக்குப் போய் வருகிற ஆளுக்கு ஒற்றை ரிசீவரே போதும், சந்தேகமில்லை. ஆனால் அது தெரிந்து எடுக்கிற முடிவாக இருக்க வேண்டும்.

அடுத்தது முகப்பு, அதாவது திரையும் குமிழ்களும் உள்ள முன்பக்கம். என்னைக் கேட்டால் கார் செட்டில் பாதி தீர்ப்பு இங்கேயே முடிந்துவிடும். ஐசி-2730ஏ-வின் திரை கலர் கிடையாது, பார்க்கப் பழைய பாணியாக இருக்கும், ஆனால் பெரியது. கறுப்பு எழுத்து, வெள்ளை பின்னொளி. உச்சி வெயில் கண்ணாடி வழியாக நேராக டேஷ்போர்டில் விழும்போதும் அலைவரிசை எண் பளிச்சென்று தெரியும். இடது பேண்டுக்குத் தனி டயல், தனி வால்யூம், தனி ஸ்குவெல்ச் (சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடக்குவது), வலது பேண்டுக்கும் அதேபோல. கண்ணைச் சாலையிலேயே வைத்துக்கொண்டு கையால் தடவிப் பார்த்து, இது இடது பக்கத்து வால்யூம் என்று கண்டுபிடித்து, எரிச்சலூட்டுகிற பக்கத்தை மட்டும் குறைத்துவிடலாம். மெனுவுக்குள் போகவே வேண்டாம். இதை ஒரு வசதி என்று விளம்பரத்தில் பெரிதாக எழுத மாட்டார்கள், ஆனால் இரவில் மழையில் ஓட்டும்போது இதுதான் வேண்டியிருக்கிறது.

எஃப்டிஎம்-300டிஆர் வேறு வழி. 2 அங்குலக் கலர் திரை, அதில் பேண்ட் ஸ்கோப் (பக்கத்து அலைவரிசைகளில் உள்ள சிக்னல்களைப் படமாகக் காட்டுவது), ஏ.பி.ஆர்.எஸ். (வண்டி இருக்கும் இடத்தை ரேடியோவில் அனுப்புவது), ஜி.பி.எஸ்., ப்ளூடூத், எல்லாம் உள்ளேயே வந்துவிடுகிறது. 2730ஏ-வில் ப்ளூடூத் வேண்டுமென்றால் தனி யூனிட் வாங்கிப் பொருத்த வேண்டும். வசதிப் பட்டியலை மட்டும் எண்ணினால் யாஎசு ஜெயித்துவிடும். ஆனால் 2 அங்குலத்துக்குள் இத்தனையும் திணித்தால் எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்கும்? நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு, அதுவும் கண்ணாடி போடாமல் ஓட்டுகிறவருக்கு, ஒரு கை தூரத்தில் வைத்தால் கொஞ்சம் சிரமம்தான். அந்தக் கம்பெனியே அப்புறம் கொண்டுவந்த எஃப்டிஎம்-500டிஆரில் திரை இதைவிடப் பெரியது, முகப்பிலேயே ஒரு ஸ்பீக்கரும் இருக்கிறது. செட்டின் பெட்டியை டிக்கியில் வைத்துவிட்டு முகப்பை மட்டும் முன்னால் கொண்டுவருகிறவருக்கு அந்த ஸ்பீக்கர் பெரிய விஷயம், இல்லாவிட்டால் தனி ஸ்பீக்கரும் அதற்கொரு ஒயரும் இழுத்தாக வேண்டும்.

முகப்பைப் பிரித்து வைப்பது பற்றி இன்னொன்று. 300டிஆரில் முகப்பைப் பெட்டியோடு சேர்த்தும் வைக்கலாம், கழற்றி கேபிளில் தனியாகவும் வைக்கலாம். 2730ஏ-வின் முகப்பு தனியாக இருக்கவே பிறந்தது, அதை டேஷ்போர்டில் நிறுத்துவதற்கான பிடியைத் தனியாக வாங்க வேண்டியிருக்கும், பட்ஜெட் போடும்போது இதை மறந்துவிடாதீர்கள்.

டிஎம்-வி71ஏ-யில் ஒரு சின்ன புத்திசாலித்தனம் உண்டு, இத்தனை வருஷமாகியும் எனக்குப் பிடித்தது. முகப்பைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பி மாட்டலாம். எதற்கு? பெட்டியின் ஒரு பக்கத்தில் ஸ்பீக்கர் இருக்கிறது. இருக்கைக்குக் கீழே தரையில் பொருத்தினால் ஸ்பீக்கர் மேலே பார்க்கட்டும், டேஷ்போர்டுக்கு அடியில் தொங்கவிட்டால் கீழே பார்க்கட்டும், எப்படி வைத்தாலும் எழுத்து நேராகவே இருக்கும். திரையின் பின்னொளியையும் பச்சையாகவோ ஆம்பர் நிறத்திலோ வைத்துக்கொள்ளலாம், டேஷ்போர்டு விளக்கோடு ஒத்துப்போகும். 2007 வாக்கில் வந்த செட், இப்போது உற்பத்தி கிடையாது, பழையதாகத்தான் கிடைக்கும். இருந்தும் இதைத் தேடுகிறவர்கள் குறையவில்லை. முக்கியக் காரணம் கிராஸ் பேண்ட் ரிப்பீட்: காரை மேட்டில் நிறுத்திவிட்டு, கையில் 70 சென்டிமீட்டர் ஹேண்டியோடு (கையடக்க ரேடியோ) இறங்கி நடந்தால், காரிலுள்ள செட் உங்கள் பேச்சை வாங்கி 2 மீட்டரில் தன் பெரிய பவரில் அனுப்பும். முகாமிலோ பேரிடர் வேலையிலோ இதன் அருமை தெரியும். ஆனால் ஆளில்லாத காரில் டிரான்ஸ்மிட்டர் தானாக ஓடுவதை எல்லா நாட்டு விதிகளும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை, உங்கள் உரிமத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, இந்த வேலைக்கு 50 வாட் வைக்காதீர்கள். எதிர்முனையில் யார் பேசினாலும் உங்கள் செட் இடைவிடாமல் டிரான்ஸ்மிட் செய்துகொண்டே இருக்கும், சூடாகிவிடும். 10 வாட்டோ 5 வாட்டோ போதும்.

சரி, டிஜிட்டல். இங்கேதான் சண்டையே. டி-ஸ்டார், சி4எஃப்எம், டிஎம்ஆர் என்று பேச்சை டிஜிட்டலாக அனுப்பும் முறைகள் மூன்று, அவை ஒன்றோடொன்று பேசாது. டி-ஸ்டார் ஜப்பானிய அமெச்சூர் சங்கமான ஜே.ஏ.ஆர்.எல். உருவாக்கியது, அதை முழுமூச்சாகப் பிடித்துக்கொண்டது ஐகாம். சி4எஃப்எம் பாணி யாஎசுவுடையது. டிஎம்ஆர் முதலில் ஹாம்களுக்கானதே இல்லை, தொழில்துறை வாக்கிடாக்கிகளுக்கான ஐரோப்பியத் தரநிலை, ஒரே 12.5 கிலோஹெர்ட்ஸ் சேனலில் நேரத்தை இரண்டு துண்டாக வெட்டி இரண்டு பேச்சை ஓட்டும். எது சிறந்தது என்று மணிக்கணக்கில் வாதம் நடக்கும். கார் செட் வாங்குகிறவருக்கு அந்த வாதம் தேவையே இல்லை: நீங்கள் ஓட்டுகிற சாலைகளைச் சுற்றி எந்த ரிப்பீட்டர் இருக்கிறதோ அதுதான் சிறந்தது. டிஎம்ஆர் ரிப்பீட்டர் மட்டும் இருக்கிற ஊரில் எவ்வளவு நல்ல டி-ஸ்டார் செட்டும் வெறும் அனலாக் செட்தான், இணையத்தோடு இணைக்கிற ஹாட்ஸ்பாட் என்ற குட்டிக் கருவி வைத்துச் சமாளிக்கலாம் என்பது வேறு கதை.

பயன்பாட்டில் யாஎசு ரொம்பச் சுலபம். வருகிற சிக்னல் அனலாகா டிஜிட்டலா என்று செட்டே பார்த்து மாறிக்கொள்ளும், நீங்கள் பேசினால் போதும். ஐகாமில் டிஜிட்டல் வேண்டுமானால் 2730ஏ உதவாது, அது சுத்த அனலாக். ஐடி-5100ஏ பக்கம் போக வேண்டும், 5.5 அங்குலத் தொடுதிரை, ஜி.பி.எஸ். உள்ளேயே, பக்கத்தில் இருக்கிற ரிப்பீட்டர்களைத் தூர வரிசையில் காட்டும். அது நல்ல செட், ஆனால் குண்டும் குழியுமான சாலையில் தொடுதிரையில் ஒரு பட்டனைக் குறிபார்த்துத் தொடுவது எப்படி என்று ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். குமிழ்தான் குமிழ்.

எனிடோன் டி578 டிஎம்ஆர் ஆட்களுக்கான செட். அனலாகும் உண்டு. பொறுமை இருந்தால் விலைக்கு நிறையக் கொடுக்கும். அந்தப் பொறுமை கோட்பிளக் என்கிற செட்டிங் கோப்பில் தேவைப்படும்: கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, ஒவ்வொரு சேனலுக்கும் அலைவரிசை, அதோடு டிஎம்ஆருக்கே உரிய கலர் கோடு, டைம் ஸ்லாட், டாக் குரூப் என்று நிரப்பி, அவற்றை ஸோன்களாகப் பிரித்து, உங்கள் டிஎம்ஆர் எண்ணையும் போட்டு, கேபிள் வழியாக ஏற்ற வேண்டும். ஒன்று தப்பினாலும் ரிப்பீட்டர் திரும்பிக்கூடப் பார்க்காது, என்ன தப்பு என்றும் சொல்லாது. பயணத்தில் புது ஊருக்குள் நுழைந்து, அங்குள்ள ரிப்பீட்டரை அப்போதே போட்டுப் பார்க்கலாம் என்றால் அனலாக் செட்டில் அரை நிமிஷ வேலை, இதில் காரை ஓரங்கட்டி லேப்டாப்பைத் திறக்கத் தோன்றும். கம்ப்யூட்டரில் இப்படி நோண்டுவது பிடித்தவர்களுக்கு அதுவே பொழுதுபோக்கு, அவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான செட் இந்த ஐந்தில் இல்லை.

கேடி-8900. இதைத் திட்டுவது ஒரு வழக்கமாகிவிட்டது, எனக்கு அவ்வளவு கோபமில்லை. உள்ளங்கையில் அடங்கும், எங்கே வேண்டுமானாலும் ஒளித்து வைக்கலாம். பவர் 25 வாட். 50-க்கும் 25-க்கும் வித்தியாசம் 3 டெசிபெல், சிக்னல் மீட்டரில் ஒரு எஸ் யூனிட் என்பது 6 டெசிபெல், அதாவது எதிர்முனையில் இருப்பவரின் காதில் பெரும்பாலும் வித்தியாசமே தெரியாது. அதோடு 50 வாட் செட்டுகள் டிரான்ஸ்மிட்டில் 11 முதல் 13 ஆம்பியர் வரை இழுக்கும், அதனால் பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயர் கொண்டுவந்தே ஆக வேண்டும். இந்தக் குட்டி அதில் பாதிதான் இழுக்கும், சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலேயே ஓடிவிடும். வாடகைக் கார், கம்பெனிக் கார், ஓட்டை போட அனுமதியில்லாத கார் என்றால் இது பெரிய சௌகரியம். பிரச்சினை பவரில் இல்லை, காதில். இந்த ரகச் சின்ன செட்டுகள் நெரிசலான நகரத்துக்குள், பேஜர் கோபுரம், எஃப்.எம். நிலையம், செல்போன் டவர் என்று எல்லாம் சேர்ந்து இரைகிற இடத்தில், திணறிப்போகும். ஸ்குவெல்ச் காரணமில்லாமல் திறந்து கரகரக்கும், அல்லது பலவீனமான சிக்னல் அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போகும். ஊருக்கு வெளியே ஓடுகிற வண்டிக்குப் பரவாயில்லை.

ஆண்டெனா பற்றி நீட்டி முழக்கப் போவதில்லை, ஆனால் செட்டுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை அங்கே திருப்பச் சொல்வேன். கூரையின் நடுவில் நிற்கிற சாதாரண கால் அலை ஆண்டெனா, 2 மீட்டருக்கு அரை மீட்டர் உயரம், பம்பரில் பொருத்திய விலையுயர்ந்த ஆண்டெனாவைப் பெரும்பாலும் தோற்கடிக்கும். 5 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள் 70 சென்டிமீட்டரில் ஒன்றரை டெசிபெலுக்கு மேல் தின்றுவிடும், அதனால் டிக்கியில் சுருட்டி வைத்திருக்கும் மிச்சக் கேபிளை வெட்டி எறியுங்கள். கூரை அலுமினியமாகவோ ஃபைபராகவோ இருந்தால் ஆண்டெனாவின் காந்த அடி ஒட்டாது, வாங்குவதற்கு முன் ஒரு ஃப்ரிட்ஜ் காந்தத்தை வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. ஒயரிங்கில் ஃப்யூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். புதுக் கார்களில் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் கரண்டை அளக்கும் சென்சார் இருக்கும், அப்படியானால் செட்டின் நெகட்டிவை அந்த முனையில் போடாமல் பாடியில் எர்த் செய்யும் இடத்தில் போட வேண்டும், இல்லாவிட்டால் கார் கம்ப்யூட்டர் கணக்குத் தப்பிக் குழம்பும்.

ஆக, யாருக்கு எது? சுற்றிலும் அனலாக் ரிப்பீட்டர், நிறைய ஓட்டம், தலைவலி வேண்டாம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஐசி-2730ஏ. இந்த ஐந்தில் என் தேர்வும் அதுதான். ஏ.பி.ஆர்.எஸ்ஸில் வண்டி எங்கே போகிறது என்று காட்ட வேண்டும், பக்கத்தில் சி4எஃப்எம் ரிப்பீட்டரும் இருக்கிறது என்றால் எஃப்டிஎம்-300டிஆர், கண் ஒத்துழைக்காவிட்டால் 500டிஆர். டிஎம்ஆர் ஊர் என்றால் எனிடோன். சோதனைக்கு ஒரு செட், அல்லது இரண்டாவது வண்டிக்கு என்றால் கேடி-8900, எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு.

பழைய டிஎம்-வி71ஏ வாங்குகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. விற்பவர் "நன்றாகப் பேசுகிறது" என்று சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் வாட் மீட்டரும் டம்மி லோடும் (ஆண்டெனாவுக்குப் பதிலாக மாட்டிப் பவரை உறிஞ்சவிடுவது) கொண்டுபோங்கள். இரண்டு பேண்டிலும் ஹை பவரில் ஒரு நிமிஷம் அழுத்திப் பிடித்து, 50 வாட் பக்கம் ஆரம்பிக்கிறதா, சூடானதும் சரிகிறதா, ஃபேன் சத்தமில்லாமல் சுற்றுகிறதா என்று பாருங்கள். முகப்பைக் கழற்றி மாட்டி, மைக் ஜாக்கைக் கொஞ்சம் ஆட்டி, பேச்சு விட்டு விட்டு வருகிறதா என்று சோதியுங்கள். அப்புறம் கிராஸ் பேண்டைப் போட்டு, கையில் ஒரு ஹேண்டியோடு தெருமுனை வரை நடந்து போய்ப் பேசிப் பாருங்கள், இரண்டு ரிசீவரும் டிரான்ஸ்மிட்டரும் ஒழுங்காக இருந்தால்தான் அது வேலை செய்யும்.