முனியப்பன் சிலைச் சீரமைப்பு: தருமபுரிச் சுதைவேலைக் குழு பற்றி ஒரு மதிப்பீடு

பென்னாகரம் பக்கம் கூரையில்லாத வெளியில் அமர்ந்திருக்கும் எங்கள் குலதெய்வ முனியப்பனையும் குதிரையையும், தருமபுரியைச் சேர்ந்த ஒரு சிறிய சுதைவேலைக் குழு இந்த ஆண்டு சீரமைத்துக் கொடுத்தது. இதே வேலைக்கு ஆள் தேடும் பங்காளிகளுக்கு உதவும் என்பதால், நிறைகுறை இரண்டையும் எழுதுகிறேன்.

முன்பு பார்வையிட்ட வேறு சிலர் சுரண்டிவிட்டு வர்ணம் பூசினால் போதும் என்றார்கள். இக்குழுவின் ஸ்தபதியோ சிறு சுத்தியலால் உடல் முழுவதையும் தட்டிப் பார்த்து, உள்ளே பொள்ளலாக ஒலித்த இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறித்த பிறகே கூலி பேசினார். குதிரையின் முன்காலில் இருந்த வெடிப்புக்குக் காரணம் உள்ளிருந்த கம்பி. இரும்பு துருப்பிடிக்கும்போது பருத்து, தன்னை மூடிய சிமெண்டையே பிளந்துவிடுகிறது. அந்தப் பகுதியைத் திறந்து, இற்றுப்போன கம்பியை வெட்டியெடுத்துப் புதியதைக் கட்டினார்கள். முனியப்பனின் உடல் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டது. அதன்மேல் யாரோ முன்பு அப்பிய சிமெண்டு ஈரத்தை வெளியேற விடாததால், பின்னாலிருந்த பழைய சுண்ணாம்பு மாவாக உதிர்ந்திருந்தது. சிமெண்டை நீக்கி, கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்த சுண்ணாம்புச் சாந்தைப் பூசி, ஈரச்சாக்கு போர்த்திப் பதப்படுத்தினார்கள். வேலை மெதுவாகத்தான் நகர்ந்தது, ஆனால் சுண்ணாம்பை அவசரப்படுத்த முடியாது.

பாலாலயம் செய்து, அதாவது வேலை முடியும்வரை தெய்வத்தைத் தற்காலிகமாக வேறிடத்தில் எழுந்தருளச் செய்து, பூசாரி சொன்ன பிறகே உளியை எடுத்தார்கள் என்பதையும் குறிப்பிட வேண்டும். நைஜீரியாவின் ஒசோக்போ நகரில், யொரூபா மக்களின் ஆற்றுத்தெய்வமான ஒசுனுக்குரிய 75 ஹெக்டேர் புனிதக் காட்டிலும் வழிபாடும் பழுதுபார்ப்பும் இப்படிப் பிணைந்தே இருக்கின்றன. ஆஸ்திரியாவில் பிறந்து நைஜீரியாவில் குடியேறி, யொரூபா சமயத்தில் தீட்சையும் பெற்ற சூசன் வெங்கர், கரையான் அரித்த கோயில்களை மீட்க உள்ளூர்க் கொத்தனார்களையும் தச்சர்களையும் சேர்த்துக்கொண்டார். மண்ணாலும் சிமெண்டாலும் அவர்கள் எழுப்பிய பெரும் உருவங்கள் நிறைந்த அந்தக் காடு 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களமானது. அவற்றுக்கும் மழையும் ஈரமுமே பகை. உருவங்களை அமைத்தவர்களில் ஒருவரான அடெபிசி அகாஞ்சியே பின்னாளில் அவற்றின் சீரமைப்பிலும் ஈடுபட்டார். வழிபாட்டில் இருக்கும் உருவத்தை அருங்காட்சியகப் பொருள்போல் சிதைந்தபடியே விட்டுவைக்க முடியாது; ஆகவே எந்தக் கை அதைத் தொடுகிறது என்பதே முக்கியமாகிறது.

இந்த அளவுகோலில் பார்த்தால், குழு தடுமாறியது முகத்தில்தான். பழைய முனியப்பனின் கண்கள் சற்றே சரிந்து, கோபத்துக்குள் ஓர் அலுப்பும் தெரியும். புதிய கண்கள் வட்டமாகிவிட்டன, மீசையும் தேவைக்கு மேல் தடித்துவிட்டது. (இளவட்டங்களுக்கு அது பிடித்திருக்கிறது.) தொடங்கும் முன் எல்லாப் பக்கங்களிலிருந்தும் படமெடுத்து அளவு குறித்திருந்தால் இதைத் தவிர்த்திருக்கலாம். ஊரார் வற்புறுத்தியதும் சுண்ணாம்பின்மேல் ஈரத்தை வெளியே விடாத பளபளக்கும் எனாமல் வர்ணம் அடிக்க ஸ்தபதி இசைந்தது அதைவிடப் பெரிய குறை. சாந்து மூச்சுவிட வேண்டும் என்று எங்களுக்கு விளக்கியவர் அவரே.

கூலி நியாயம்; கணக்கு மட்டும் வாய்மொழியாகவே இருந்தது, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கம்பிக்கும் சாந்துக்கும் இவர்களைத் தயங்காமல் அழைக்கலாம். வர்ணம் எது, முகத்தில் எவ்வளவு கைவைக்கலாம் என்பதைப் பூசாரியையும் பெரியவர்களையும் உடன்வைத்து, பாலாலயத்துக்கு முன்பே பேசி முடித்துவிடுவது நல்லது.