மெனுவில் 'ஏ.பி.எஸ்.' என்று இருந்தால் உஷார்: கன்னியாகுமரியில் மீன் சாப்பிட்ட கதை

கன்னியாகுமரிக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எங்களுக்கு நடந்தது வேறு யாருக்கும் நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

ஜனவரி முதல் வாரம், ஐயப்ப சீசன் கூட்டம். நான், வீட்டுக்காரர், பிள்ளைகள் இரண்டு பேர், அத்தை, நாத்தனார் என்று ஆறு பேர். பகலெல்லாம் படகு வரிசையில் நின்று, விவேகானந்தர் பாறையிலிருந்து திருவள்ளுவர் சிலைக்குப் போகும் புதுக் கண்ணாடிப் பாலத்தில் நடந்துவிட்டுக் கரைக்கு வரும்போது எல்லோருக்கும் நல்ல பசி. லாட்ஜில் கேட்டதும் ஒரே ஒரு கடையின் பெயரைத்தான் சொன்னார்கள். வாசலில் முப்பது பேராவது காத்திருந்தார்கள். இவ்வளவு கூட்டம் வருகிற கடையில் மீன் தேங்காது என்று நம்பி நாங்களும் நின்றோம்.

மெனு கார்டில் முழு மீன் வகை எதற்கும் விலை இல்லை. விலை இருக்க வேண்டிய இடத்தில் 'ஏ.பி.எஸ்.' என்று போட்டிருந்தது. மீனின் சைஸைப் பொறுத்து விலை என்று அர்த்தம். கடலோர ஊர்களில் இது வழக்கம்தான், அதில் தப்பில்லை. சர்வர் தம்பி, "அக்கா, இப்பம் வந்த பாறை மீன், வந்து பாருங்க" என்று கூப்பிட்டார். நூறு கிராம் 160 ரூபாய் என்றார். நானும் மகளும் போய்ப் பார்த்தோம். நீல பிளாஸ்டிக் டப்பில் ஐஸோடு கிடந்த மீனை அப்படியே டப்போடு தூக்கித் தராசில் வைத்தார். தராசின் முகப்பு உள்பக்கம் பார்த்தபடி இருந்தது. மீனின் கண் பளபளவென்று இருக்கிறதே என்று மகள் எட்டிப் போய் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டாள். "ஒரு கிலோ சொச்சம் வரும்க்கா, பாதி வறுவல், பாதி குழம்பு வச்சிரலாமா?" என்றார். சரி என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். நான் செய்த பெரிய தப்பு அதுதான். அந்த 'சொச்சம்' எவ்வளவு என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

மீன் நன்றாகத்தான் இருந்தது, ருசியில் நான் குறை சொல்ல மாட்டேன். அத்தை இரண்டாம் தடவை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பில் என்று வந்தது அரைத் தாளில் பேனாவால் எழுதிய சீட்டு. மீன் 1.650 கிலோ, 2,640 ரூபாய். சோறு, பரோட்டா, மற்றதெல்லாம் 860. அதற்குக் கீழே 'எஸ்.சி. 10%' என்று, அதாவது சர்வீஸ் சார்ஜ், 350. அதையும் சேர்த்த தொகைக்கு 5% ஜிஎஸ்டி. மொத்தம் 4,043 ரூபாய். மேலே கடைப் பெயரும் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை.

என் வீட்டுக்காரர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை செய்கிறவர். "பிரிண்ட் பில் கொடுங்க" என்றார். சிஸ்டம் வேலை செய்யவில்லை என்றார் கல்லாவில் இருந்தவர். "சரியாகிற வரைக்கும் உட்கார்ந்திருக்கோம்" என்று இவர் சொன்னதும் ஐந்து நிமிஷத்தில் பிரிண்ட் வந்துவிட்டது. அதன் தலைப்பில் பொடி எழுத்தில், இது காம்போசிஷன் திட்டத்தில் உள்ள கடை, வரி வசூலிக்க உரிமை இல்லை என்று இருந்தது. ஜிஎஸ்டியில் சிறு வியாபாரிகளுக்கான அந்தத் திட்டத்தில் இருக்கிற கடைக்காரர் தன் வருமானத்திலிருந்துதான் வரி கட்ட வேண்டும், சாப்பிட வந்தவரிடம் ஜிஎஸ்டி என்று ஒரு பைசா வாங்க முடியாது. அப்படியானால் இப்படிச் சீட்டெழுதிக் கொடுத்து எத்தனை குடும்பத்திடம் இந்த 5% வாங்கியிருப்பார்கள்? நினைக்கவே வயிறு எரிந்தது.

சர்வீஸ் சார்ஜும் அப்படித்தான். ஓட்டல்கள் அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. இதைச் சொன்னதும் கல்லாக்காரர் வாதாடவில்லை, இரண்டையும் அடித்துவிட்டு 3,500 வாங்கிக்கொண்டார். அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுத்ததைப் பார்த்தால், கேட்கிறவர்களுக்கு மட்டும் கழிக்கிற பழக்கம் போல.

மீன் எடையைப் பற்றிக் கேட்டதற்கு மட்டும் குரல் உயர்ந்தது. "நீங்க பார்த்துத்தானேம்மா ஓகே சொன்னீங்க, சாப்பிட்ட பிறகு கேட்டா எப்படி?" பின்னால் டேபிளுக்காக ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். நாத்தனார் "விடுங்கண்ணி, பிள்ளைங்க தூங்குதுங்க" என்றாள். கொடுத்துவிட்டு வந்துவிட்டோம்.

லாட்ஜுக்கு வந்து மகளின் போனைப் பார்க்கும்போதுதான் தெரிந்தது. அவள் எடுத்த போட்டோவின் ஓரத்தில் தராசின் சிவப்பு எண்கள் தெளிவாக விழுந்திருக்கின்றன: 1.120. அதுவும் டப், ஐஸ், தண்ணீர் எல்லாம் சேர்த்து. பில்லில் 530 கிராம் கூட. அதாவது 848 ரூபாய். அந்த டப்பின் எடையைக் கழித்தால் இன்னும் எவ்வளவோ.

காலி டப்பைத் தராசில் வைத்துப் பூஜ்யம் ஆக்கிவிட்டுத்தான் மீனைப் போட வேண்டும். தராசுக்கு வருஷா வருஷம் அரசு முத்திரை போட வேண்டும், எண் வாங்குகிறவருக்குத் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறையின் எடையளவு ஆய்வாளர்கள். மீனை எடை போடும்போது ஒருவர் பக்கத்திலேயே நின்று எண்ணைப் படியுங்கள், போட்டோ எடுங்கள், எடையையும் தொகையையும் ஆர்டர் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். அதன் பிறகு மீன் அடுப்படிக்குப் போகட்டும். எழுதித் தர மாட்டேன் என்றால் மீன் வேண்டாம் என்று பரோட்டாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலையிலேயே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தேன். கைச்சீட்டு, பிரிண்ட் பில், போட்டோ மூன்றையும் அனுப்பியிருக்கிறேன். பிரிண்ட் பில் கொடுக்கும்போது கைச்சீட்டைக் கடையில் திருப்பிக் கேட்டார்கள், வீட்டுக்காரர் கொடுக்கவில்லை. நல்லவேளை. புகார் நடந்துகொண்டிருப்பதால் கடைப் பெயரை இப்போது எழுதவில்லை. பதில் வந்ததும் எழுதுகிறேன்.