45 பைசா ரயில் இன்சூரன்ஸ், டிக் பண்ணலாமா?

ஐஆர்சிடிசில டிக்கெட் போடும்போது இன்சூரன்ஸ் வேணுமான்னு ஒரு கட்டம் வருமே, பல வருஷம் வேணாம்னே போட்டிருக்கேன், காசுக்காக இல்ல, கிளம்புறப்பவே எதுக்கு அபசகுனமான்னு. 2023 ஜூன் 2க்கு அப்புறம் ஒரு தடவை கூட விட்டதில்ல.

அன்னிக்கு சாயங்காலம் ஏழு மணி வாக்குல, ஒடிசா பாலசோர் பக்கம் பாஹாநகா பஜார் ஸ்டேஷன்ல, சென்னைக்கு வந்துட்டிருந்த கோரமண்டலுக்கு மெயின் லைன்ல பச்சை சிக்னல் விழுந்திருக்கு, ஆனா ரயிலை தடம் மாத்திவிடுற பாயின்ட், வண்டிங்க ஒதுங்கி நிக்குற லூப் லைனுக்கு திரும்பிக் கிடந்திருக்கு. 128 கிமீ வேகத்துல போய் அங்க இரும்புத்தாது ஏத்திட்டு நின்ன கூட்ஸ் மேல ஏறி, தடம்புரண்ட பெட்டிங்க பக்கத்து லைன்ல போயிட்டிருந்த பெங்களூர் ஹவுரா ரயிலோட வால்ல அடிச்சு, 290 பேருக்கு மேல போயிட்டாங்க. விசாரணைல சிக்னல் வயரிங் தப்புன்னு வந்துச்சு. டிரைவர் என்ன பண்ணுவாரு, அவர் கண்ணுக்கு பச்சைதான.

அப்ப பிரீமியம் 35 பைசா, இப்ப 45. உயிர் போனாலோ நிரந்தரமா முழுசா முடங்கினாலோ 10 லட்சம், பகுதி ஊனம்னா ஏழரை லட்சம், ஆஸ்பத்திரி செலவு 2 லட்சம் வரைக்கும். இந்தக் காசுக்கு பொட்டிக்கடைல ஒரு மிட்டாய் கூட தரமாட்டான், அதனால வாங்கலாமான்னு யோசிக்கவே வேணாம்.

ஆனா டிக் பண்றதோட முடிஞ்சுடல, நிறைய பேர் இங்கதான் கோட்டை விடுறாங்க. டிக்கெட் புக் ஆனதும் இன்சூரன்ஸ் கம்பெனிகிட்டருந்து ஒரு மெசேஜ் வரும், அந்த லிங்க்ல போய் நாமினி பேரு போடணும், இல்லன்னா நாளைக்கு வீட்டாளுங்க வாரிசுன்னு நிரூபிச்சிட்டு அலையணும். போன மாசம் அம்மாவுக்கு கரக்பூர் டிக்கெட் போட்டப்ப நான் அதைத்தான் டைப் அடிச்சிட்டிருந்தேன், எட்டிப்பாத்துட்டு "என்னடா, இப்பவே பாகம் பிரிக்கிறியா"ன்னாங்க. சிரிச்சுக்கிட்டே அண்ணன் பேரைப் போட்டேன், உறவுமுறை கட்டத்துல "மகன்"னு செலக்ட் பண்றப்ப மட்டும் கை ஒரு செகண்ட் நின்னுச்சு.

என் ரேட்டிங் 5க்கு 3. ரெண்டு ஸ்டார் எதுக்கு குறைச்சேன்னா, இது ஆன்லைன்ல எடுக்குற கன்ஃபர்ம், ஆர்ஏசி டிக்கெட்டுக்குத்தான். கோரமண்டல்ல எஞ்சினுக்கு பின்னாடியே இருந்தது ஜெனரல் பெட்டிங்க, தெற்க வேலை தேடி வர்ற பசங்க நெருக்கியடிச்சு நிப்பாங்களே, அதேதான். செத்தவங்க குடும்பத்துக்கு ரயில்வே தலைக்கு 10 லட்சம் அறிவிச்சுது, சரி. ஆனா இந்த இன்சூரன்ஸ்னு பாத்தா, அவங்க கவுன்டர்ல வாங்கின சீட்டுல டிக் பண்ண கட்டமே கிடையாது.